சாய்ஸில் விட்ட இரண்டு பாடங்கள்

பெற்றவர்கள் அவளுக்கு வைத்த பெயர் பள்ளிக்கூடத்து ரிஜிஸ்தரோடு சரி. அந்தச் சந்துகளில் யாரை நிறுத்திக் கேட்டாலும், "நூறா? வெல்டர் வீட்டுப் பெரிய பொண்ணு. அந்தா, அந்தப் பச்சைக் கதவு" என்று கை காட்டுவார்கள். பள்ளிக் கடைசிப் பரீட்சையில் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கினாள். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர். ஒட்டியபோது அது இனிப்பாகத்தான் இருந்தது.

அவர்கள் ஜனம் அந்த நகரத்தில் ஒரு கைப்பிடிதான். ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் நாலைந்து சந்து, நடுவில் ஒரு பிரார்த்தனைக் கூடம், அதை ஒட்டினாற்போல் ஒரு பள்ளிக்கூடம். வீட்டுக்குள் ஒரு பாஷை, வாசலைத் தாண்டினால் ஊர் பாஷை. பள்ளிக்கூடத்துக்குக் கீழே இரும்புக் கிடங்கு. லாரியில் கம்பி இறக்கும்போது மாடியில் வாத்தியார் வாய் அசைவது மட்டும் தெரியும், சத்தம் கேட்காது. பிள்ளைகள் அதற்குப் பழகிப் போயிருந்தார்கள். கம்பிச் சத்தம் அடங்குகிற வரைக்கும் பேனாவை வைத்துவிட்டுச் சும்மா இருப்பார்கள், பிறகு விட்ட இடத்திலிருந்து எழுதுவார்கள்.

அவர்களுக்கென்று இருந்தது அந்த ஒரு பள்ளிக்கூடம்தான். காலையில் தங்கள் பாஷையில் பிரார்த்தனை சொல்லிப் பாடம் தொடங்குகிற இடம் வேறு எங்கும் கிடையாது. ஊர்ப் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்ந்த ஒன்றிரண்டு பிள்ளைகள், பேச்சைக் கேட்டுச் சிரிக்கிறார்கள், பக்கத்தில் உட்கார மாட்டேன் என்கிறார்கள் என்று அழுதுகொண்டு திரும்பி வந்ததை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். அதனால் அந்த மாடிப் பள்ளிக்கூடத்தைக் கண்ணுக்குள் வைத்துக் காத்தார்கள். ஆனால் கல்வி அலுவலகத்திலிருந்து வருஷம் தவறாமல் ஒரு மிரட்டல் வரும். தேறுகிறவர்கள் குறைந்தால் மேல் வகுப்புகளை மூடிவிடுவோம் என்பார்கள்.

இந்த மிரட்டலை ஒற்றை ஆளாகத் தோளில் சுமந்தவர் கணக்கு சார். கணக்குக்கும் அவர்தான், விஞ்ஞானத்துக்கும் அவர்தான், மணி அடிக்கிறவர் வராத நாளில் மணிக்கும் அவர்தான். மெல்லிய மனுஷர். பிள்ளைகளை அடிக்க மாட்டார். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், அவ்வளவுதான். கேள்வித்தாளை எப்படி அமைப்பார்கள் என்பது அவருக்கு அத்துப்படி. பத்துக் கேள்வி கொடுத்து ஏழுக்கு எழுதச் சொல்வார்கள். எந்தப் பாடத்திலிருந்து எத்தனை கேள்வி வரும், எதை விட்டாலும் மீதியில் முழுசாக எழுதலாம் என்று அவர் கூட்டிக் கழித்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்திருந்தார். முக்கோணவியலையும் மடக்கையையும் விட்டுவிடலாம். பிள்ளைகளைத் திணற வைக்கிற பாடங்கள் அவை இரண்டும்தான். அந்த நேரத்தில் மற்றதை மூன்று தடவை திருப்பலாம், மந்தமான பிள்ளைகூடத் தேறிவிடும்.

ஆகவே ஒவ்வொரு வருஷமும் கடைசி வகுப்பின் முதல் நாளில் அவர் புத்தகத்தைத் தூக்கிக் காட்டிச் சொல்வார்: "இந்த ரெண்டு பாடமும் சாய்ஸ்ல விட்டாச்சு. அத ஆண்டவன் பாத்துப்பான். மீதிய நாம பாத்துப்போம்."

பிள்ளைகள் கைதட்டுவார்கள்.

புத்தகங்கள் அங்கே அண்ணன் தம்பிகளாகக் கை மாறி வந்தவை. அட்டை கிழிந்து, ஓரம் சுருண்டு, எண்ணெய்க் கறை படிந்திருக்கும். அந்த இரண்டு பாடம் மட்டும் அச்சான நாளில் இருந்தது போலவே வெள்ளை வெளேரென்று இருக்கும். சில பக்கங்கள் விளிம்பில் வெட்டாமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. நூறு ஒருநாள் நகத்தால் பிரித்துப் பார்த்தாள். உள்ளே ஒரு முக்கோணமும் ஏதோ வளைவும். அழகாகத்தான் இருந்தது. "சார், இது என்னது சார்?" என்று கேட்டாள்.

"அதுவா? அது உனக்கு வேண்டாம்மா. அதுல கை வச்சா நேரம் போயிடும்" என்றார் சார். அன்போடுதான் சொன்னார்.

அவளுக்குக் கணக்கு என்றால் உயிர். அம்மா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் போர்வை தேய்க்கிறவள், அப்பா தண்ணீர் டாங்கிக்கும் கம்பிக் கதவுக்கும் பற்றவைக்கிற பட்டறையில் வெல்டர். பட்டறைக்கு இன்ஜினியர்கள் சுருட்டிய காகிதத்தோடு வருவார்கள். அதை மேஜைமேல் விரித்து, நாலு மூலைக்கும் நட்டு போல்ட்டை வைத்துவிட்டு, "இங்க, இந்தக் கோணத்துல" என்று விரலால் காட்டுவார்கள். அப்பா தலையாட்டுவார். வீட்டுக்கு வந்து, "அந்தக் காகிதத்த என் பொண்ணு கொண்டு வந்து விரிக்கணும். அப்ப நான் வேணும்னே தப்பாப் பத்தவைப்பேன். 'யோவ் வெல்டர், கண்ணு தெரியலையா'ன்னு அவ என்னத் திட்டணும்" என்பார். அம்மா, "பாரு இந்த மனுஷனுக்கு ஆசைய" என்று சிரிப்பாள்.

நூறு மார்க் வந்த நாளில் பிரார்த்தனைக் கூடத்தில் அவள் பெயரைச் சொல்லி நன்றி செலுத்தினார்கள். பெரிய சார், அதாவது தலைமை ஆசிரியர், அவளுடைய போட்டோவைப் பெரிதாக்கி மாடிப்படி ஏறுகிற இடத்தில் மாட்டினார். சிறுபான்மையோருக்கு ஒதுக்கிய இடத்தில் இன்ஜினியரிங் கல்லூரியும் கிடைத்தது. அந்தச் சந்துகளிலிருந்து இன்ஜினியரிங் படிக்கப் போன முதல் பெண் அவள்தான். புறப்படும்போது அப்பா பேருந்து நிலையத்தில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். தெரியாத ஆட்களுக்கும் கொடுத்தார்.

கல்லூரியில் முதல் கணக்கு வகுப்பு. கணக்கு மேடம் உயரமான பெண்மணி, பேச்சில் கறார், பார்வையில் அவ்வளவு கறார் இல்லை. கரும்பலகையில் ஒரு முக்கோணத்தைப் போட்டு, பக்கத்தில் சைன் என்று எழுதி, "இதெல்லாம் நீங்க பள்ளிக்கூடத்துல கரைச்சுக் குடிச்சதுதான். அதனால நேரா விஷயத்துக்குப் போயிடலாம்" என்று சொல்லிவிட்டு மடமடவென்று எழுதத் தொடங்கினார். சுற்றிலும் தலைகள் ஆடின. நூறும் ஆட்டினாள்.

தினமும் கடந்து போகிற வீடு, உள்ளே ஒரு நாளும் காலெடுத்து வைத்ததில்லை, திடீரென்று அங்கே போய்த் தண்ணீர் மொண்டு வா என்றால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது அவளுக்கு. குடம் எங்கே, குழாய் எங்கே என்று தெரியாது. பலகையில் இருப்பதை ஒரு புள்ளி விடாமல் எழுதிக்கொண்டாள். அறைக்கு வந்து பார்த்தால் தன் கையெழுத்தே தனக்கு வேற்று ஆள் எழுத்தாகத் தெரிந்தது.

அறையில் அவளோடு இருந்தவள் ஒரு டாக்டர் வீட்டுப் பெண். தடித்த கண்ணாடி போட்டிருப்பாள், அதனால் எல்லாருக்கும் கண்ணாடிக்காரி. நல்லவள்தான், நாக்குதான் கொஞ்சம் நீளம். முதல் சோதனைத் தேர்வில் இவள் வாங்கிய மதிப்பெண்ணை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏய், நீதானே நூறு? உங்க ஊர்ல நூறுன்னா என்ன, அஞ்சா?" என்றாள். பிறகு நூறு முகத்தைப் பார்த்துத் தானே வெட்கப்பட்டு, "சரி வா, உட்காரு. நான் சொல்லித் தரேன்" என்று பாயைத் தட்டிப் போட்டாள்.

அன்றைக்குச் சாயங்காலம் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். ஒரு கணக்கை எடுத்தார்கள். அதற்கு முன்னால் ஒன்று தெரிய வேண்டும் என்று கண்ணாடிக்காரி பின்னால் போனாள். அதற்கும் முன்னால் ஒன்று. அதற்கும் முன்னால். கடைசியில் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள்.

"இது பள்ளிக்கூடத்துப் பாடம். இது தெரியாம நீ எப்படி...?"

"எங்க ஸ்கூல்ல இது சாய்ஸ்."

"சாய்ஸ்னா?"

"விட்டுட்டோம்."

"நீங்க விட்டீங்க சரி. உங்க சார் நடத்தலையா?"

நூறு நோட்டை மூடினாள். "நான் என் படிப்பையும் பாக்கணும்ல. உனக்கு அடியிலேர்ந்து ஆரம்பிக்கணும்டி. அது என்னால ஆகாது. கோவிச்சுக்காதே" என்றாள் கண்ணாடிக்காரி. கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது. உள்ளதைத்தான் சொன்னாள்.

அடுத்த விடுமுறைக்கு நூறு ஊருக்கு வந்தாள். வீட்டுக்குப் போகுமுன் பள்ளிக்கூடத்துக்குத்தான் போனாள். மாடிப்படியில் தன் போட்டோவைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. கணக்கு சார் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் எழுந்தே விட்டார்.

"வாம்மா, வா. இன்ஜினியரம்மா வந்தாச்சு!"

"சார், எனக்கு அந்த ரெண்டு பாடத்தையும் சொல்லித் தாங்க சார். லீவு முடியுற வரைக்கும் தினமும் வரேன்."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்குக் கோபம் இல்லை என்று நூறுக்குத் தெரிந்தது. அப்புறம் எதற்குத் துடைக்கிறார் என்றுதான் தெரியவில்லை. சாக்பீஸை எடுத்துப் பலகைக்குப் போனார். ஒரு முக்கோணம் போட்டார். மூலையில் ஒரு சின்ன வளைவு போட்டார். எதிர்ப்பக்கம், அடுத்த பக்கம் என்று எழுதினார். ஒரு சூத்திரம் எழுதினார். அடுத்ததை எழுத ஆரம்பித்துப் பாதியில் நின்றார். கீழே கிடங்கில் அன்றைக்கு லாரி வரவில்லை. சத்தத்தின்மேல் பழி போடவும் வழி இல்லை.

"நானும் இதே ஸ்கூல்லதாம்மா படிச்சேன்" என்றார் பலகையைப் பார்த்தபடியே. "எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் இந்த ரெண்டையும் சாய்ஸ்ல விட்டார். நான் தபால்ல படிச்சு வாத்தியார் ஆனவன். அங்கயும் சாய்ஸ் இருந்துச்சு."

"பரவாயில்ல சார்" என்றாள் நூறு. என்ன பரவாயில்லை என்று அவளுக்கே தெரியாது.

"பரவாயில்லன்னு சொல்லாதே" என்று திரும்பினார் சார். "யாராவது உன்னக் கேட்டா, நடத்தலன்னு சொல்லிடு. என் பேரச் சொல்லு. நான் ஒளிய மாட்டேன்."

அவள் தலையாட்டிவிட்டு இறங்கினாள். வீட்டுக்கு வந்தால் அப்பா, "என்ன, காகிதம் எப்ப விரிக்கிற?" என்று கேட்டார். தங்கை ஓடி வந்து கட்டிக்கொண்டாள். சின்னவள் அக்காவைவிடக் கெட்டி. ஒரு கணக்கைப் பார்த்தால் விடையை முதலில் சொல்லிவிட்டுப் பிறகுதான் வழியைத் தேடுவாள். "அக்கா, நானும் உன்ன மாதிரியே நூறு வாங்குவேன் பாரு" என்றாள். நூறு பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

திரும்பிப் போன சில வாரத்தில் கணக்கு மேடம் அவளைத் தம் அறைக்குக் கூப்பிட்டார். மேஜைமேல் அவளுடைய தேர்வுத்தாள்கள் கிடந்தன.

"உட்காரு. உன் பள்ளிக்கூட மார்க்கப் பார்த்தேன். நூறு. இதப் பாக்குறேன். நீ காப்பியடிச்சு நூறு வாங்கின பொண்ணாத் தெரியல. தெரிஞ்ச பகுதில நீ போட்டிருக்கிற வழி சுத்தமா இருக்கு. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். முக்கோணவியல் உங்க ஸ்கூல்ல நடத்தினாங்களா, இல்லையா?"

நூறு மேஜைமேல் கிடந்த தாள்களைப் பார்த்தாள்.

"இங்க அடிப்படை வகுப்புன்னு ஒண்ணு இருக்கு. பள்ளிக்கூடத்துல பாடமே நடத்தாத பிள்ளைங்களுக்கு. ஒரு வருஷம் கூடுதலா ஆகும், ஆனா சீட்டு போகாது. உன்ன அதுல சேக்கணும்னா இன்ன ஸ்கூல்ல இன்ன பாடம் நடத்தலைன்னு நான் கல்வி ஆபீசுக்கு எழுதணும். அது விதி."

"எழுதினா அவங்க என்ன பண்ணுவாங்க மேடம்?"

மேடம் பொய் சொல்லத் தெரியாதவர். "எனக்குத் தெரியாதும்மா. ஒரு நல்ல டீச்சர அனுப்பினாலும் அனுப்புவாங்க. மூடினாலும் மூடுவாங்க."

வெளியே வராந்தாவில் யாரோ ஸ்டூலை இழுத்துக்கொண்டு போனார்கள். நூறு தன் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அந்தச் சத்தம் போகிற வரைக்கும் காத்திருந்தாள். மூடினால் சின்னவள் எங்கே போவாள்? அந்தக் காலைப் பிரார்த்தனை? பெரிய சார் பென்ஷனுக்குப் பிறகும் சம்பளம் இல்லாமல் வந்துகொண்டிருக்கிறாரே, அவர்? ஊர்க்காரர்கள், "பாத்தியா, அவங்க ஸ்கூல் லட்சணத்த. அவங்க நூறோட லட்சணத்த" என்று சொல்வார்களே. இது எல்லாம் தன் ஒரு சொல்லில் போக வேண்டுமா? ஆண்டவனே, இதை ஏன் என்னிடம் கேட்கிறாய் என்று மனசுக்குள் அழுதாள். மேடம் அவசரப்படுத்தவில்லை.

"நடத்தினாங்க மேடம்" என்றாள் நூறு. "நான்தான் படிக்கல."

"நூறு வாங்கினவ படிக்கலையா?"

"இல்ல மேடம்."

மேடம் தாள்களை ஒன்றாக அடுக்கினார். அடுக்கிய பிறகும் ஓரத்தைத் தட்டிக்கொண்டே இருந்தார். "நீ சொல்றத நான் நம்பல. ஆனா நீ சொல்றதத்தான் நான் எழுத முடியும். போ" என்றார்.

அந்தப் பருவத் தேர்வில் அவள் தேறவில்லை. மறுபடி எழுதினாள், அப்போதும் தேறவில்லை. ஒதுக்கீட்டில் வந்த இடத்துக்கு அதற்குமேல் பொறுக்க மாட்டார்கள். கண்ணாடிக்காரி பேருந்து நிலையம் வரைக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, ஏற்றிவிட்டுத் திரும்பிப் போனாள்.

ஊருக்கு வந்தவள் கொஞ்ச நாள் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாள். பிறகு அம்மா, "எழுந்து வா. கிடக்கிறவள தினம் பாக்குற தெம்பு எனக்கு இல்ல" என்று சலவைக்கூடத்துக்கு அழைத்துக்கொண்டு போனாள். ஆஸ்பத்திரிப் போர்வைகள் பெரிய உருளை இயந்திரத்தில் இஸ்திரியாகி வரும். ஒருத்தி இந்த முனையைப் பிடிக்க வேண்டும், ஒருத்தி அந்த முனையை. இருவரும் எதிரெதிரே நடந்து வந்து மடிக்க வேண்டும். அம்மாவும் மகளும் நாள் முழுக்க அப்படி நெருங்குவதும் விலகுவதுமாக இருந்தார்கள். ஆவியில் முகம் வெந்துபோகும். அங்கே இருந்த மற்றப் பெண்கள், "வாடி நூறு, இதையாவது ஒழுங்கா மடி" என்பார்கள். கெட்ட எண்ணம் இல்லை. வேலையிடத்தில் அப்படித்தான் பேசுவார்கள். ஆனால் தைக்கிறது தைக்கத்தான் செய்யும்.

அப்பா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பட்டறையில் இன்ஜினியர் காகிதத்தை விரித்தால் அவர் இப்போதெல்லாம் பக்கத்தில் போவதில்லை, இன்னொரு வெல்டரை அனுப்புகிறார் என்று யாரோ வந்து சொன்னார்கள்.

இப்படியே போயிருக்கும். சின்னவள் கடைசி வகுப்புக்கு வந்தாள். முதல் நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் பையைக் கழற்றி எறிந்துவிட்டுச் சொன்னாள்: "அக்கா, ஜாலி. ரெண்டு பாடம் சாய்ஸ்ல விட்டாச்சு."

நூறு தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவிய தட்டையே திரும்பக் கழுவினாள்.

"எந்த ரெண்டு?"

"அதேதான். முக்கோணமும் மடக்கையும். சார் முதல்ல கொஞ்ச நேரம் ஒண்ணுமே சொல்லாம நின்னார். நாங்க நடத்தப் போறார்னு நினைச்சோம். அப்புறம் பெரிய சார் வந்து எட்டிப் பாத்தார். சார் உடனே விட்டாச்சுன்னுட்டார்."

மறுநாள் நூறு பெரிய சாரைப் பார்க்கப் போனாள். அவர் அவளை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, அவள் சொன்னதை எல்லாம் கேட்டார். பிறகு சொன்னார்: "நீ சொல்றது நியாயம். ஆனா இந்த வருஷம் ரெண்டு பிள்ளைங்க தோத்தாக்கூட மேல் கிளாஸ் போயிடும். உயிர் இருந்தாத்தானேம்மா மருந்து? முதல்ல ஸ்கூல் இருக்கட்டும்."

"ஸ்கூல் இருந்து என்ன சார்? என்ன மாதிரி ஆளுங்கள உண்டாக்கவா?"

பெரிய சாருக்கு முகம் சிவந்தது. "நீ படிக்காததுக்கு ஸ்கூல் என்ன பண்ணும்? காலேஜ்ல நீயே அப்படித்தானே சொன்ன. அவங்க எழுதின காகிதம் எங்களுக்கும் வந்துச்சு."

அந்த வார்த்தையில்தான் நூறுக்கு விளங்கியது. தான் பொய் சொல்லி எதைக் காத்தோம் என்று நினைத்திருந்தாளோ, அது அந்தப் பொய்யின்மேலேயே காலை நீட்டி உட்கார்ந்துவிட்டது. இனி அவளுக்குப் பிறகு வருகிற எந்தப் பிள்ளைக்கும் அதே பதில்தான். அடுத்தது சின்னவள்.

சலவைக்கூடத்தில் போர்வையின் அந்த முனையில் அம்மா இருந்தாள். நூறு இந்த முனையில் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா மடிப்பதை நிறுத்தவில்லை.

"அன்னிக்கு ஏன் பொய் சொன்ன?"

"ஸ்கூலுக்காக."

"இப்பப் போய் நிஜத்தச் சொன்னா?"

"சின்னவளுக்காக. ஸ்கூல் போனாலும் போயிடும்மா."

இருவரும் நெருங்கினார்கள். அம்மா மகள் கையிலிருந்த முனையை வாங்கிக்கொண்டாள். "ஆண்டவன்கிட்டப் பொய் சொல்லி எத்தன நாளைக்கு மண்டி போடுவ. போயிட்டு வா. உங்கப்பாகிட்ட நான் பக்குவமாச் சொல்லிக்கிறேன்" என்றாள்.

அம்மா அப்பாவிடம் பக்குவமாகவும் சொல்லவில்லை, வேறு எப்படியும் சொல்லவில்லை. அவளுக்கும் பயம்தான்.

கணக்கு மேடம் அதே அறையில்தான் இருந்தார். நூறு நின்றுகொண்டே, "நடத்தல மேடம். எங்க சாருக்கும் தெரியாது. அவருக்கு முன்னாடி இருந்தவரும் நடத்தல" என்றாள்.

"இத நீ அன்னிக்குச் சொல்லியிருக்கணும். இப்ப உன்ன என்னால திரும்பச் சேக்க முடியாது, தெரியுமா?"

"தெரியும் மேடம். தங்கச்சி இருக்கா."

மேடம் எழுதினார். அதிகாரிகள் வந்தார்கள். பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பலகைக்குக் கூப்பிட்டு ஒரு முக்கோணத்தைக் காட்டிக் கேட்டார்கள். ஒருத்தருக்கும் தெரியவில்லை. கணக்கு சாரைக் கேட்டபோது, அவர் சொன்ன சொல் தவறவில்லை. "நான் நடத்தல. எனக்குத் தெரியாது. பிள்ளைங்க மேல தப்பில்ல" என்றார். டீச்சரை அனுப்பச் சொல்லி யாரும் பரிந்துரைக்கவில்லை. அது செலவு. மூடுவது சுலபம், மூடினார்கள். சின்ன வகுப்புகளை மட்டும் விட்டு வைத்தார்கள். பெரிய பிள்ளைகளை ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றினார்கள், அதுவும் ஒரு வகுப்புக் கீழே இறக்கி. மாடிப்படியில் இருந்த போட்டோவை யார் கழற்றினார்கள் என்று தெரியவில்லை. பெரிய சார் மறுபடி அந்தப் படியேறவில்லை. கணக்கு சார் ஒரு துணிக்கடையில் பில் போடும் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனார். போகிறபோது யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

யார் சொன்னது என்பது சந்து முழுக்கத் தெரிந்துபோயிற்று. பிள்ளைகள் பாதிப்பேர் புதுப் பள்ளிக்கூடத்தில் தாக்குப் பிடிக்க முடியாமல் நின்றுவிட்டார்கள். அவர்களைப் பெற்றவர்கள் பச்சைக் கதவைத் தாண்டும்போது தலையைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருத்தி நேராகவே வாசலில் நின்று, "உன் தங்கச்சி படிக்கணும்னு எங்க பிள்ளைங்க படிப்புல மண்ணள்ளிப் போட்டியே, நல்லாயிருப்பியா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அவள் மகன் கெட்டிக்காரன். இப்போது டீக்கடையில் கிளாஸ் கழுவுகிறான்.

அப்பா விஷயத்தைப் பட்டறையில் கேள்விப்பட்டார். வீட்டுக்கு வந்து நூறு முன்னால் நின்றார். பிறகு அவளைத் தாண்டி உள்ளே போனார். அதற்குப் பிறகு அவளிடம் பேசுவதே இல்லை. வேண்டியதைச் சின்னவள் வழியாகச் சொல்லி அனுப்புவார். "உங்க அக்காகிட்ட அந்தச் சட்டை எங்கன்னு கேளு" என்பார், நூறு எதிரிலேயே நிற்பாள்.

சின்னவள் புதுப் பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சில் தனியாக உட்காருகிறாள். முதலில் தினமும் அழுதாள். இப்போது அழுவதில்லை, பேசுவதும் குறைந்துவிட்டது. மறு வருஷம் கடைசி வகுப்பில் அங்கே அந்த இரண்டு பாடத்தையும் நடத்திவிட்டார்கள். அவளுக்குப் பிடிபட்டுவிட்டது, அதுவும் நன்றாகவே. "சொல்லிக் காட்டுடி" என்று நூறு கேட்டால், "எனக்கு வேலை இருக்கு" என்று எழுந்து போய்விடுகிறாள். போகட்டும் என்று நூறு விட்டுவிடுவாள். அவள் மேல் படிப்புக்குப் போவாளா, அப்பா அனுப்புவாரா, இதெல்லாம் ஆண்டவன் கையில் இருக்கிறது.

வாராவாரம் பிரார்த்தனைக் கூடத்துக்கு அம்மாவும் நூறும் போகிறார்கள். போகாமல் இருப்பதை அம்மா ஒத்துக்கொள்வதில்லை. பள்ளிக்கூடம் மூடிய பிறகு முதல் தடவை போனபோது அவர்கள் உட்கார்ந்ததும் பக்கத்தில் இருந்த பெண்கள் ஒருத்தி பின் ஒருத்தியாக எழுந்து தள்ளிப் போய் உட்கார்ந்தார்கள். பாயில் நாலு பேர் உட்காரும் இடம் காலியாகிவிட்டது. நூறுக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. அம்மா அவள் முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கடி போற? இரு" என்றாள் அம்மா, மற்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி. "நாள் முழுக்க நின்னு நின்னு எனக்குக் கால் கடுக்குது. இடம் கிடைச்சிருக்கு, நீட்டிக்கிறேன்."

பிரார்த்தனை முடிகிற வரைக்கும் அவள் காலை நீட்டிக்கொண்டுதான் இருந்தாள். முழங்காலில் வைத்த கையை எடுக்கவில்லை.